ஹிமாலயன் 411-இலிருந்து 450-க்கு: பராமரிப்புச் செலவை ஒப்பிடும் முறை

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411-ஐ விட்டு, 2023-இல் அறிமுகமான 450-க்கு மாற எண்ணுபவர், ஒரு சர்வீஸ் பில்லை மற்றொன்றோடு வைத்துப் பார்ப்பதை விட, இரண்டுக்கும் 30,000 கிலோமீட்டருக்கு ஆகும் மொத்தச் செலவைக் கையேட்டு அட்டவணைப்படி கூட்டி, கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று வகுத்துக் காண வேண்டும். காற்றால் குளிரும் 411-க்குக் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) செலவு கிடையாது. வால்வு இடைவெளியையும் (வால்வுக்கும் அதை இயக்கும் பாகத்துக்கும் இடையே விடும் சிறு இடம்) திருகைத் திருப்பியே சரிசெய்யலாம். 450-இலோ கூலன்ட்டை உரிய காலத்தில் மாற்றியாக வேண்டும். இரட்டைக் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் தண்டு) கொண்ட அந்த எஞ்சினில் வால்வு இடைவெளி மாறியிருந்தால் ஷிம் எனும் சிறு உலோகத் தகட்டை மாற்ற நேரிடும் என்பதால், அந்த வேலைக்கான கூலியை முன்கூட்டியே கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது (பலரும் மறப்பது இதைத்தான்). பின் டயரின் அகலமும் 120-இலிருந்து 140 மில்லிமீட்டராகக் கூடுவதால், டயர் விலையைப் புதிதாக விசாரித்தே சேர்க்க வேண்டும். செயின், ஸ்ப்ராக்கெட், பிரேக் பேட் ஆகியவை இரண்டிலும் தேயும்.