தென்னந்தோப்பை வானத்திலிருந்து பார்க்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வேலந்தாவளம் பக்கம் இப்போது ட்ரோன் வைத்திருக்கும் இளைஞர்கள் அதிகமாகிவிட்டார்கள். லேப்டாப்பில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, "உங்க தோப்புக்கு நோய் வருதுங்க" என்று சொல்பவர்களும் அதிகம். ஆர்வம் நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு வருஷமும் புதிதாக வருகிறவர்கள் அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். பேட்டரி தீர்ந்துபோவது, பறக்கும்போது ஓலையில் மாட்டிக்கொள்வது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு தடவை பட்டாலே அதெல்லாம் புரிந்துவிடும். பட்டாலும் தெரியாத தவறுகளைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

தரையைப் பார்த்துவிட்டு மரத்துக்கு நோய் என்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

பச்சையம் உள்ள இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும், அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பதுதான் எல்லோரும் சொல்லும் என்.டி.வி.ஐ., பச்சை எவ்வளவு என்று காட்டும் எண். நெல்வயலில் இதை ஓரளவு நம்பலாம், ஏனென்றால் அங்கே படத்தின் ஒரு கட்டம் முழுக்க நெல்தான். தென்னையில் அப்படி இல்லை. இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் படத்தில் ஒரு கட்டம், அதாவது பிக்சல், 10 மீட்டருக்கு 10 மீட்டர். நாம் மரம் வைப்பது 25 அடி இடைவெளியில். ஆக ஒரு பிக்சலுக்குள் இரண்டு மரம்கூட முழுசாக இல்லை. நோயை முன்கூட்டியே காட்டும் என்று சொல்லப்படும் சிவப்பு விளிம்பு அலைவரிசையில் (சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும் இடைப்பட்டது) பிக்சல் இன்னும் பெரிது, 20 மீட்டர். அதில் ஏழு மரம் ஒன்றாகக் கலந்துவிடும். மீதி இடமெல்லாம் புல், வாழை, கொக்கோ, இல்லாவிட்டால் வெறும் மண்.

எல்லைப் பக்கத்துத் தோப்பு ஒன்றில் ஒரு தம்பி டிசம்பர் படத்தையும் மார்ச் படத்தையும் கழித்துப் பார்த்திருக்கிறார். வடக்கு மூலை முழுக்கச் சிவப்பு, அதாவது பச்சை குறைந்துவிட்டது என்று அர்த்தம். கேரளா வாடல் நோய் என்ற பெயரைக் கேட்டாலே இங்கே வயிறு கலங்கும். பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரியால் வருவது, கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும் பரப்புவது, மருந்தால் குணமாகாதது. வரைபடத்தைப் பார்த்த தோப்புக்காரர் பயந்துபோய் ஒரு வரிசை மரத்தை வெட்டிவிட்டார். நான் போனபோது மரங்கள் கீழே கிடந்தன. பாளை வெடித்து, குரும்பை திரண்டு, ஓலை கரும்பச்சையாக இருந்தது. தோப்பில் வேலை பார்க்கும் பெரியவர் சொன்னார்: "ஏனுங்க, அந்த மூலையிலதானுங்க மாசியில ரொட்டவேட்டர் ஓட்டினோம்." படத்தில் சிவந்தது உழுத மண். நெட்டை மரம் காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் ஆகும் என்பது அந்தத் தம்பிக்கும் தெரியும். படம் எடுத்த தேதிக்கு முன்னால் தோப்பில் என்ன வேலை நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

இதைவிட மோசமானது பக்கத்துத் தோப்பில் இருந்தது. அடியில் வாழையும் ஜாதிக்காயும் செழித்திருந்ததால் அது வரைபடத்தில் அடர்பச்சை. யாரும் அங்கே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நடு அடுக்கு மட்டை ஒன்றை இறக்கிப் பார்த்தோம். கீற்றுகள் விறைப்பு இழந்து, வரிசையாக உள்பக்கம் வளைந்து விலா எலும்பு மாதிரி நின்றன. மஞ்சள் இன்னும் வரவில்லை. வாடல் நோயின் ஆரம்பம் அதுதான். நிஜமாகவே நோய் இருந்த தோப்புக்குப் பச்சைச் சான்றிதழ், நல்ல மரத்துக்கு ரம்பம்.

அதனால் டிசம்பரை மார்ச்சோடு ஒப்பிடாதீர்கள், மார்ச்சைப் போன வருஷ மார்ச்சோடு ஒப்பிடுங்கள். அடிப்புல் காய்ந்திருக்கும் காலம்தான் மரத்தைப் பார்க்க ஓரளவு நல்ல காலம். உழவு, எரு, ஊடுபயிர் எல்லாவற்றுக்கும் தேதி கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ட்ரோன் படமாக இருந்தால் முதலில் மரத்தலையை மட்டும் தனியாகப் பிரித்து எடுத்துவிட்டு, அப்புறம் கணக்குப் போடுங்கள். சித்தூர் தாலுகாவில் கரிசலும் உண்டு, செம்மண்ணும் உண்டு. மரம் ஒரே மாதிரி இருந்தாலும் கரிசல் மேல் என்.டி.வி.ஐ. கொஞ்சம் கூடுதலாகத்தான் காட்டும். ஹ்யூட் என்ற ஆய்வாளர் 1988-இல் மண்ணுக்குத் திருத்தம் செய்த குறியீடு ஒன்றைக் கொடுத்ததே இதற்காகத்தான்.

தண்ணீர்ப் பஞ்சத்தை நோய் என்று எழுதுவது

சித்தூரின் கிழக்குப் பக்கம் மழை மறைவுப் பகுதி. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் கேரளத்துக்கு வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும். கடைமடைக்கு அது எப்போது வந்து சேரும் என்பது வேறு கதை. சிவப்புப் பகுதி வேலியிலோ சொட்டுநீர் வால்விலோ நேர்கோடாக முடிந்தால் முதலில் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். வாடல் நோய் வேலி பார்த்து நிற்காது, அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தொடங்கும்.

2022-க்கு முந்தைய படத்தை அப்படியே ஒப்பிடுவது

2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 படங்களில் ஒவ்வொரு மதிப்போடும் 1000 கூட்டித்தான் தருகிறார்கள். அதைக் கழிக்காமல் விட்டால் என்ன ஆகும்? அகச்சிவப்பு 3000, சிவப்பு 400 என்றால் என்.டி.வி.ஐ. 0.76. இரண்டிலும் 1000 சேர்ந்தால் 0.48. ஒரு மரத்துக்கும் ஒன்றும் ஆகாமலே ஊர்த் தோப்பெல்லாம் படுத்துவிட்டதாக வரைபடம் சொல்லும். ஐந்தாறு வருஷப் போக்கு என்று யாராவது காட்டினால் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

மேலிருந்து தெரியாததைத் தேடுவது

சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதலில் பதிவானது 2016-இல், பொள்ளாச்சிப் பக்கம். அது இருப்பது கீழ் மட்டைகளின் அடிப்புறத்தில். கரும்பூஞ்சாணம் படர்வதும் முதலில் கீழ் அடுக்கு ஓலை மேல்தான். நேர் மேலே பறக்கும் கேமராவுக்கு மேல் அடுக்கு அதையெல்லாம் மறைத்துவிடும். கேமராவைச் சாய்த்து எடுங்கள், அல்லது தோப்புக்குள் நடங்கள். தெரிந்தவுடன் ரசாயன மருந்தை அடிக்கச் சொல்லாதீர்கள். ஈயைக் கட்டுப்படுத்தும் என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவிதான் அதில் முதலில் சாகும்.

குருத்தழுகல் நேர்மாறு. நடுக்குருத்து வெளிறிச் சாய்வது மேலிருந்து பளிச்சென்று தெரியும். சீக்கிரம் பார்த்தால் அழுகியதை வெட்டி எடுத்து, போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது) தடவி மரத்தைக் காப்பாற்றலாம். மழைக்காலத்தில் ட்ரோன் உண்மையிலேயே உதவும் இடம் இது.

மேக நிழல்

மேகத்தை நீக்கிவிட்டு நிழலை விட்டுவிடாதீர்கள்.

வெள்ளைத் தகடு

வெளிச்சத்தின் அளவைச் சரிசெய்ய வைக்கும் வெள்ளைத் தகட்டை, ட்ரோன் பறக்கும் முன்னும் இறங்கிய பின்னும் படம் எடுங்கள். சாக்குச் சொல்ல வேண்டாம்.

பாலக்காட்டுக் காற்று

மார்கழி, தை மாதங்களில் கணவாய்க் காற்று ஓலையை ஆட்டிக்கொண்டே இருக்கும், படங்கள் ஒன்றோடொன்று சரியாக ஒட்டாது. காற்று அடங்கிய நாளுக்குக் காத்திருங்கள்.

வரைபடத்தை மட்டும் கொடுத்துவிட்டு வருவது

தோப்புக்காரரிடம் சிவப்பும் பச்சையுமான தாளைக் கொடுத்தால் அவர் சிவப்பை மட்டும்தான் பார்ப்பார். அதற்குப் பதில் சந்தேகப்பட்ட மரங்களுக்குத் தண்டில் எண் போட்டு, பட்டியல் எழுதிக் கொடுங்கள். பச்சையாகத் தெரிந்த இடத்திலும் சில மரங்களைச் சேர்த்துப் பாருங்கள், அங்கே நோய் இருந்தால் அப்போதுதான் வெளியே வரும். நோயின் பெயரைக் கிருஷி பவன் (கேரள வேளாண் அலுவலகம்) அலுவலரோ ஆழியாறு தென்னை ஆராய்ச்சி நிலையத்தாரோ மரத்தைப் பார்த்துச் சொல்லட்டும். நோய் முற்றிய பகுதியில்கூட, வருஷத்துக்கு 10 காய்க்கும் குறைவாகக் கொடுக்கும் மரங்களைத்தான் அகற்றச் சொல்கிறார்கள். ஆகவே பட்டியலில் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே போன வருஷக் காய்க் கணக்கை எழுத ஒரு கட்டம் விடுங்கள். அது நிரம்பும்வரை ரம்பக்காரருக்குப் போன் போட வேண்டாம் என்று தோப்புக்காரரிடம் நேரிலேயே சொல்லிவிட்டு வாருங்கள்.