கைவிட்ட கல்குவாரி நீரைக் குளத்துக்கும் வயலுக்கும் கேடின்றி வடிக்கும் முறை

கன்னியாகுமரி மாவட்டத்தில் வேலை நின்றுபோன கல்குவாரிக் குழிகளில் தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையின் நீரும் தேங்கி நிற்கிறது. மேலே பச்சையாகத் தெளிந்திருக்கிறதே என்று நம்பி, அதை மோட்டார் வைத்து இறைத்து நேரே பாசனச் சானலில் (கால்வாயில்) விடக் கூடாது. அடியில் கிடக்கும் நுண்ணிய பாறைத்தூள் நீரோடு கலந்து வயலில் படிந்தால், காய்ந்தபின் ஓடுபோல் இறுகி, வேருக்குக் காற்று செல்லாமல் அடைத்துவிடும்.

முதல் வேலை நீரைப் பரிசோதிப்பது. மேற்பரப்பிலும், எடைகட்டி இறக்கிய புட்டியால் அடியிலும் தனித்தனியே மாதிரி எடுக்க வேண்டும். ஆழமான குழியில் இரண்டும் ஒன்றாக இருக்காது. பிஎச் அளவு (நீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்), கலங்கல், இரும்பு, எண்ணெய், நைட்ரேட் ஆகியவற்றை ஆய்வகத்தில் கேட்டுப் பெறுங்கள். பாறையை உடைக்க வைத்த வெடிமருந்தில் உள்ள அம்மோனியம் நைட்ரேட்டின் மிச்சம் நீரில் கரைந்தே இருக்கும், வண்டலோடு படியாது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பதால், அருகில் குடிநீர்க் கிணறு இருந்தால் இந்த ஒரு சோதனையை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனையும் ஒன்று உண்டு. கண்ணாடிப் புட்டியில் குழிநீரை நிறைத்து ஓரிரவு அசையாமல் வைத்தால், காலையில் அடியில் விரல் கனத்துக்குச் சாம்பல் நிற வண்டல் படிந்து மேல்நீர் தெளிந்திருக்கலாம். அப்படியானால் நீரை நிறுத்தி வண்டலைப் படியவிடும் படிவுக்குட்டையே போதும். மேல்நீர் இன்னும் பால்போல் நின்றால், படிகாரத்தைச் சிறு அளவில் கரைத்துப் பார்த்து அளவை முடிவு செய்ய வேண்டும்.

என் கருத்தில், கலங்கிய நீரைத் தெளியவைப்பதைவிட நல்ல மழைநீரைக் குழிக்குள் விடாமல் தடுப்பதுதான் மலிவானது, பலரும் மறந்துவிடுவதும் அதையே. குழியின் மேட்டுப்புறத்தில் ஒரு வடிகால் வெட்டி மலைச்சரிவின் நீரைப் பக்கவாட்டில் ஓடைக்குத் திருப்பி, கழிவு மண் குவியலின் சரிவைக் குறைத்து வெட்டிவேர் நட்டுவிட்டால், வரும் வண்டலே பெருமளவு குறையும்.

இறைக்கும்போது மோட்டாரின் உறிஞ்சு குழாயை மிதவையில் கட்டி மேல்நீரை மட்டும் எடுக்க வேண்டும். அந்த நீர் அடுத்தடுத்த இரண்டு குட்டைகளில் நின்று தெளியட்டும். குட்டை அகலத்தைப்போல் மூன்று மடங்கு நீளமாகவும், நுழைவாயும் வெளிவாயும் எதிரெதிர் முனைகளிலும் அமைய வேண்டும். இல்லாவிட்டால் நீர் குறுக்கே பாய்ந்து தெளியாமலே வெளியேறிவிடும். வெளிவாயின் அருகே சம்பும் கோரையும் வளர்ந்தால் வெட்டாதீர்கள், அவை நைட்ரேட்டில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளும்.

இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் கனிமம் காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலமாவதால்தான் மேகாலயத்து ஜெயந்தியா மலையின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் ஆற்றுநீரே அமிலமானது. நம் பகுதியின் சார்னோகைட் என்னும் கடினப் பாறையில் அந்த அபாயம் பொதுவாகக் குறைவு என்றாலும், பிஎச் 6.5-க்குக் கீழே வந்தால் நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்து, கையுறை அணிந்து, சிறிது சிறிதாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் அளந்து, 8.5-ஐத் தாண்டாமல் நிறுத்த வேண்டும். வெறும் சுண்ணாம்புக்கல்லைப் போட்டால், இரும்பு மிகுந்த நீரில் துருப்படலம் மூடிச் செயலற்றுப்போகும்.

கனிமவளத் துறையிடமும் நீர்வளத் துறையிடமும் எழுத்தில் அனுமதி பெற்ற பிறகே சானலுக்குத் திறக்க வேண்டும். குட்டையின் வண்டலை மே மாதத்திலும் செப்டம்பர் இறுதியிலும், அதாவது ஒவ்வொரு பருவமழைக்கும் முன்பாக, அள்ளி, ஓடைக்கரையிலிருந்து விலகிய மேட்டில் கொட்டுங்கள்.