ஓவரி ஸ்லைடுல ஏஎம்ஹெச் ஏறலையா, பதறாதீக

காரைக்குடியில அழகப்பாவுல பயோடெக் படிக்கிற புள்ளைக, ஓவரி (சினைப்பை) ஸ்லைடுல ஆன்டிபாடி போட்டு சாயம் ஏத்துனா ஏஎம்ஹெச் (வளர ஆரம்பிச்ச ஃபாலிக்கிள் சுரக்குற ஹார்மோன்) ஏன் ஏறலைன்னு ப்ராஜெக்ட்டுக்குன்னு கேக்குறாக, அதான் சொல்றேன். கேன்சர் ட்ரீட்மென்ட்டுக்கு முன்னாடி எடுத்து ஃப்ரீஸ் பண்ற ஓவரி கார்டெக்ஸ்ல (வெளி அடுக்குல) பெரும்பாலும் இருக்குறது தூங்கிக்கிட்டிருக்குற ப்ரைமார்டியல் ஃபாலிக்கிள்தான் (முட்டை இருக்குற, இன்னும் வளர ஆரம்பிக்காத குட்டிப் பை), அதுல ஏஎம்ஹெச் ஏறாது, செல் பிரியுறதைக் காட்டுற கேஐ-67உம் அனேகமா ஏறாது, உடனே திசு செத்துப்போச்சுன்னு எழுதிராதீக. முட்டை இருக்கான்னு பாக்க டிடிஎக்ஸ்4 (முட்டை செல்லுல இருக்குற புரதம்) ஆன்டிபாடி போடுங்க, டிஏபி-ல (பழுப்பு நிறம் குடுக்குற சாயம்) முட்டையோட சைட்டோபிளாசம் நல்லா பழுப்பா தெரியும். செல் சாவுதான்னு பாக்கவா, க்ளீவ்டு கேஸ்பேஸ்-3 (செல் சாகுறப்ப வெட்டுப்பட்டு செயல்படுற என்சைம்) ஆன்டிபாடின்னு பாத்து வாங்குங்க, வெறும் கேஸ்பேஸ்-3 ஆன்டிபாடி செயல்படாம சும்மா கெடக்குறதையும் சேத்துக் காட்டி கொழப்பிரும் (இதுலதான் நெறைய பேரு காசை விடுறது). கேஐ-67க்கு, அது கண்டிப்பா ஏறுற டான்சில் ஸ்லைடு ஒண்ணு கன்ட்ரோலா கூடவே ஓட்டிருங்க. திரும்ப உடம்புல ஒட்டவச்ச திசுல ரத்தக்குழாய் பாக்க சிடி31 (ரத்தக்குழாய் உள்சுவர் செல்லுல இருக்குற புரதம்) போதும்.