பர்கண்டியின் குன்றுக் கிராமம் வேஸ்லே: முதல்முறை செல்வோருக்கான வழிமுறை

பிரான்சின் நாட்டுப்புறத்தைப் பார்க்க விரும்பிக் கேட்கும் நண்பர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் வேஸ்லே. பர்கண்டி வட்டாரத்தில், ஏறத்தாழ முந்நூறு மீட்டர் உயரக் குன்றின் முதுகில், ஒரே தெருவைப் பற்றிக்கொண்டு நிற்கும் சின்னஞ்சிறு ஊர் அது. உச்சியில் உள்ள புனித மகதலா மரியாள் பசிலிக்காவும் குன்றும் சேர்ந்து 1979-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. பெரும்பாலோர் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அந்த அவசரம் இந்த ஊருக்கு ஒத்துவராது. அரை நாளாவது ஒதுக்குங்கள், இயன்றால் ஓரிரவு தங்குங்கள்.

முதல் படி: போய்ச் சேருதல்

பாரிஸின் பெர்சி நிலையத்திலிருந்து அவலோன் பக்கம் செல்லும் வட்டார ரயில் பாதையில், செர்மிசெல்–வேஸ்லே என்ற சிறு நிலையத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து ஊருக்கு ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர். நிலையத்தின் பெயரில் வேஸ்லே இருப்பதால் ஊர் பக்கத்திலேயே இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். பேருந்து அரிது என்பதால், தங்கும் விடுதியின் வழியாகவோ நேரடியாகவோ டாக்சியை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. காரில் வருவோர் குன்றின் அடிவாரத் திடலிலேயே வண்டியை நிறுத்திவிட்டு நடக்கலாம்.

பாதை கற்கள் பாவியது. மழை பெய்தால் வழுக்கும். ஆகவே பிடிப்புள்ள காலணி அவசியம். கையடக்கமான தொலைநோக்கி ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள்; அதன் பயன் மேலே போனதும் தெரியும்.

இரண்டாம் படி: தெருவில் ஏறுதல்

அடிவாரத்திலிருந்து ஒரே தெருதான் மேலே போகிறது. நேராக ஏறினால் கால் மணி நேரத்துக்குமேல் ஆகாது. தரையில் ஆங்காங்கே பதித்திருக்கும் சிப்பி வடிவங்களைக் கவனியுங்கள். ஸ்பெயினின் சந்தியாகோ தெ கொம்போஸ்தெலாவுக்கு நடந்து செல்லும் யாத்திரிகர்களின் அடையாளம் அது; பிரான்சின் முக்கிய யாத்திரைப் பாதைகளுள் ஒன்று இவ்வூரிலிருந்துதான் தொடங்குகிறது.

இதே தெருவில், நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு எழுத்தாளர் ரோமன் ரோலந்து 1938 முதல் 1944-இல் இறக்கும்வரை வாழ்ந்த வீடு இருக்கிறது. காந்தி, இராமகிருஷ்ணர், விவேகானந்தர் ஆகிய மூவரின் வாழ்க்கையையும் ஐரோப்பிய வாசகர்களுக்கு எழுதித் தந்தவர் அவர் என்பதால், நம்மவர்கள் அந்த வாசலைக் கவனிக்காமல் கடந்துவிடக் கூடாது. அவ்வீடு இப்போது செர்வோஸ் என்ற நவீனக் கலை அருங்காட்சியகமாக இயங்குகிறது, குளிர்காலத்தில் மூடியிருக்கும்.

மூன்றாம் படி: முன்மண்டபத்தில் நிற்றல்

பயணத்தின் மையம் இதுதான். பசிலிக்காவின் வெளிவாசலைத் தாண்டியதும் மங்கலான ஒரு முன்மண்டபம் வரும்; பலரும் உள்ளே தெரியும் வெளிச்சத்தை நோக்கி நேரே போய்விடுவார்கள். நானும் முதல்முறை அப்படித்தான் போனேன், அன்று தவறவிட்டதற்காக இன்றும் வருந்துகிறேன். இங்கே கண் இருளுக்குப் பழகும்வரை நின்று, நடுவாசலுக்கு மேலுள்ள அரைவட்டக் கல்லை அண்ணாந்து பாருங்கள்.

12-ஆம் நூற்றாண்டில் செதுக்கிய அந்தக் கல்லின் நடுவே கிறிஸ்து அமர்ந்திருக்கிறார். விரித்த கைகளிலிருந்து ஒளிக்கதிர்கள் சீடர்களின் தலைகளை நோக்கிப் பாய்கின்றன. அவருடைய ஆடையின் மடிப்புகள் காற்றில் சுழல்வதுபோல் சுருண்டிருக்கின்றன. சீடர்கள் நற்செய்தி கொண்டுசெல்ல வேண்டிய தொலைதூர மக்களைக் கீழ்விளிம்பிலும் சுற்றியுள்ள கட்டங்களிலும் காணலாம். ஏணி வைத்துக் குதிரைமேல் ஏறும் குள்ளர், உடலையே மூடுமளவு பெரிய காதுடையோர், நாய்த்தலை மனிதர் எனத் தொலைநோக்கியில் ஒவ்வொருவராகப் பிடிபடுவார்கள். நாய்த்தலை மனிதர் இந்திய மலைகளில் வாழ்வதாகப் பழங்கால கிரேக்கர் எழுதிவைத்திருந்தார்கள். நம் நாட்டைப் பற்றிக் கேள்விப்பட்ட கதை, பர்கண்டியின் ஒரு குன்றில் கல்லாக நிற்பதைக் காணும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மெய்சிலிர்க்கும். வளைவைச் சுற்றிய வட்டங்களில் பன்னிரு ராசிகளும் அந்தந்த மாதத்து வேலைகளும் உள்ளன.

நான்காம் படி: உள்ளே நடத்தல்

வெண்கல்லும் பழுப்புக் கல்லும் மாறிமாறி அமைந்த வளைவுகளின்கீழ் மெதுவாக நடங்கள். தூண்களின் தலைப்பகுதிகளில் கதைச் சிற்பங்கள் உள்ளன. ஒரே தூணில் பக்கத்துக்கு ஒன்று இருப்பதால், நடுவழியே மட்டும் போகாமல் ஓரத் தாழ்வாரங்களிலும் சுற்றிவர வேண்டும். வலப்பக்க வரிசையில், ஒருவர் தானியத்தைக் கொட்ட மற்றவர் மாவைச் சாக்கில் பிடிக்கும் திரிகைச் சிற்பத்தைத் தேடுங்கள். கொட்டுபவர் மோசே, பிடிப்பவர் பவுல். பழைய ஏற்பாடு அரைபட்டுப் புதியதாகிறது என்பது அதன் பொருள்.

ஜூன் 21-ஐ ஒட்டிய நாட்களில் போக முடிந்தால், கடிகாரத்தில் பிற்பகல் ஒன்றே முக்கால் மணியளவில் உள்ளே இருங்கள். கோடைகால நேர மாற்றத்தால், சூரியன் உச்சிக்கு வருவது அப்போதுதான். தெற்கு மேல்சன்னல்கள் வழியாக விழும் ஒளி, தரையின் நடுக்கோட்டில் வரிசையான திட்டுகளாக அமைந்து பலிபீடத்தை நோக்கிப் பாதை போடும்.

இக்கட்டடம் இடிந்துவிழும் நிலையில் இருந்ததை 1834-இல் வந்து பார்த்தவர், வரலாற்றுச் சின்னங்களின் தலைமை ஆய்வாளராக இருந்த எழுத்தாளர் புரோஸ்பெர் மெரிமே. 1840-இல் சீரமைப்புப் பொறுப்பு வியோலே-லெ-துக் என்ற இருபத்தாறு வயது கட்டடக் கலைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது.

ஐந்தாம் படி: பின்புறமும் இறக்கமும்

பசிலிக்காவின் பின்புறம் மரநிழல் கொண்ட மேடை உண்டு. க்யூர் ஆற்றின் பள்ளத்தாக்கு அங்கிருந்து முழுதாகத் தெரியும். பகலுணவை அங்கே வைத்துக்கொள்ளலாம், ஆனால் நண்பகலில் கடைகள் மூடிவிடக்கூடும் என்பதால் ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் காலையிலேயே வாங்கிவிடுங்கள்.

திரும்பும்போது வந்த தெருவிலேயே இறங்காமல், சிலுவை வாசல் வழியாகச் செல்லும் மண்பாதையைப் பிடியுங்கள். 1146 மார்ச் 31 அன்று, அரசர் ஏழாம் லூயி முன்னிலையில், கிளேர்வோ மடத்துத் தலைவர் பெர்னார்ட் இரண்டாம் சிலுவைப்போருக்கு மக்களை அழைத்தது இந்தச் சரிவில்தான். அவ்விடத்தில் லா கோர்தெல் என்ற சிறு சிற்றாலயம் உள்ளது. அதைப் பார்த்தபின் மதிலின் ஓரமாகச் சுற்றிவந்தால், வண்டி நிறுத்திய திடலுக்கே இறங்கிவிடலாம்.