இறக்கின ஃபைல் எங்கே? போனில் தேடிப் பிடித்து ஒழுங்காக வைக்கும் முறை

யாழ்ப்பாணத்தில் எந்தப் போட்டோக்கொப்பிக் கடையிலும் பார்க்கலாம். ஒருவர் போனை மேலும் கீழும் தள்ளிக்கொண்டு நிற்பார், பின்னால் நாலு பேர் காத்திருப்பார்கள். "நேற்று இறக்கி வச்சனான், இப்ப காணேல்ல." உண்மையில் அது எங்கும் போகவில்லை. எந்த ஆப் வழியாக வந்ததோ, அந்த ஆப் தனக்கென்று வைத்திருக்கும் இடத்தில்தான் கிடக்கும். ஆகவே தேடத் தொடங்கும்முன் "இது எதிலே வந்தது?" என்று ஒரு கணம் யோசியுங்கள். பாதி வேலை அதோடு முடிந்துவிடும்.

முதலில் அன்ட்ரொய்ட் போன். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இறுதியில் சொல்கிறோம்.

படி 1: சரியான ஆப்பைத் திறவுங்கள்

கலரியில் தேட வேண்டாம். அது படமும் வீடியோவும் மட்டுமே காட்டும், பி.டி.எஃப் அதில் வராது. சாம்சங்கில் 'மை ஃபைல்ஸ்', ரெட்மியில் 'ஃபைல் மனேஜர்', மற்றப் பல போன்களில் கூகுளின் 'ஃபைல்ஸ்' என்று இருக்கும். திறந்ததும் மேலே 'ரீசன்ட்' தெரியும். இன்றோ நேற்றோ வந்தது என்றால் பெரும்பாலும் அங்கேயே நிற்கும்.

படி 2: வந்த வழியே போங்கள்

குரோமில் இறக்கியவை 'டவுன்லோட்' ஃபோல்டரில் இருக்கும். கடந்தகால வினாத்தாளை இறக்கும்போது ஒன்றும் நடக்கவில்லையே என்று மூன்று தரம் அழுத்தினால், ஒரே தாள் மூன்று பிரதியாக, பெயருக்குப் பின்னால் (1), (2) என்று வந்து சேரும். ஈழத்துத் தமிழ் நூல்களைச் சேர்த்து வைத்திருக்கும் 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் எடுக்கும் பழைய புத்தகங்களுக்கு ஃபைல் பெயரே வெறும் இலக்கம்தான். புத்தகத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் அகப்படாது. இறக்கிய கையோடு பெயரை மாற்றிவிடுங்கள்.

ஜிமெயிலில் ஒரு பொறி இருக்கிறது. இணைப்பைத் தட்டிப் பார்த்தால் அது திரையில் தெரிகிறது, அவ்வளவுதான். போனில் சேமிக்கப்படுவதில்லை. கீழ்நோக்கிய அம்பை அழுத்தினால்தான் 'டவுன்லோட்' ஃபோல்டருக்கு வரும்.

கமராப் படங்கள் 'டி.சி.ஐ.எம்' ஃபோல்டருக்குள் 'கமரா'வில் இருக்கும். ஸ்கிரீன்ஷொட் சில போன்களில் அதற்குள்ளேயே, சிலவற்றில் 'பிக்சர்ஸ்' ஃபோல்டரில்.

ஆட்களை அதிகம் அலைய வைப்பது வட்ஸ்அப். அன்ட்ரொய்ட் 11 முதல் அதன் ஃபோல்டர் உள்ளே தள்ளிப் போய்விட்டது: இன்டர்னல் ஸ்டோரேஜ் → அன்ட்ரொய்ட் → மீடியா → கொம்.வட்ஸ்அப் → வட்ஸ்அப் → மீடியா. அங்கே 'வட்ஸ்அப் டொக்கியுமென்ட்ஸ்' என்பதில் பி.டி.எஃப்கள் இருக்கும். அதற்குள் 'சென்ட்' என்று இருப்பது நீங்கள் மற்றவர்களுக்கு அனுப்பியவை. இவ்வளவு தூரம் நடக்க வேண்டாம் என்றால், அனுப்பியவருடனான 'சட்' உரையாடலைத் திறந்து மேலே அவர் பெயரைத் தட்டி, 'மீடியா, லிங்க்ஸ், டொக்ஸ்' என்பதற்குள் 'டொக்ஸ்' பாருங்கள். படம் என்றால் பெயரே திகதியைச் சொல்லும்: 'ஐஎம்ஜி-20250314-டபிள்யூஏ0007' என்றால் 2025 மார்ச் 14, அன்றைய ஒரு படம்.

படத்தின் மேல் இன்னும் அம்புக்குறி நின்றால் அது போனுக்கு இறங்கவே இல்லை. மாதக்கணக்கில் இறக்காமல் விட்டால் பிறகு தட்டினாலும் வராது, அனுப்பியவரிடம் திரும்பக் கேட்க வேண்டும்.

படி 3: நாலு ஃபோல்டர் போதும்

'டொக்கியுமென்ட்ஸ்' ஃபோல்டருக்குள் போய் புதிய ஃபோல்டர்கள் உருவாக்குங்கள்: அடையாளம் (அடையாள அட்டை, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், கடவுச்சீட்டு), வீடு (காணி உறுதி, மின்பட்டியல்), படிப்பு, வங்கி. இருபது ஃபோல்டர் போட்டால் எதற்குள் வைத்தோம் என்பதைத் தேடுவதே தனி வேலையாகிவிடும்.

ஃபைலை அழுத்திப் பிடித்து, 'கொப்பி' தெரிவுசெய்து, உரிய ஃபோல்டருக்குள் போய் ஒட்டுங்கள். 'டவுன்லோட்'டில் உள்ளவற்றை 'மூவ்' செய்யலாம். வட்ஸ்அப் ஃபோல்டரில் உள்ளதை ஒருபோதும் 'மூவ்' செய்ய வேண்டாம். 'சட்' உரையாடலில் உள்ள செய்தி அந்தப் பழைய இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கும், ஃபைல் நகர்ந்தால் அங்கே திறக்காது.

படி 4: பெயர்

தேடல் பெட்டி பெரும்பாலும் பெயரைத்தான் பார்க்கும், உள்ளே எழுதியிருப்பதை அல்ல. 'ஸ்கான்0012' என்று கிடக்கும் பிறப்புப் பத்திரம் 'பிறப்பு' என்று தேடினால் கிடைக்காது. வருடத்தை முன்னால் வையுங்கள்: '2025-03 மின்பட்டியல்'. திகதியில் நாள் இலக்கத்தை முன்னால் போட்டால் 2025 ஜனவரி 5 (05-01-2025), 2023 மார்ச் 12க்கு (12-03-2023) மேலே வந்து நிற்கும், ஏனென்றால் வரிசைப்படுத்தும்போது முதல் இலக்கத்திலிருந்துதான் பார்க்கும். சாய்கோடு போட்டுத் திகதி எழுதினால் போன் ஏற்காது. சிறு கோடு போடுங்கள். பெயரின் வாலில் உள்ள பி.டி.எஃப், ஜே.பி.ஜி எழுத்துகளை அழிக்கவும் வேண்டாம், அழித்தால் எந்த ஆப்பில் திறப்பது என்று போனுக்குத் தெரியாமல் போகும்.

வெளிநாட்டிலிருந்து காணி உறுதியின் படத்தை அனுப்பச் சொல்லும்போது 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரண படமாக வந்தால் வட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். போனில் தெளிவாகத் தெரிந்தாலும் அச்செடுத்தால் சிறு எழுத்துகள் கலங்கி நிற்கும்.

அழிக்கும்போது

கூகுளின் ஃபைல்ஸில் அழித்தவை குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும். கவனிக்க வேண்டியது கூகுள் ஃபோட்டோஸ். அங்கே 'டிலீட்' அழுத்தினால் இணையத்தில் ஏற்றிவைத்த பிரதியும் சேர்ந்து போகும். போனில் இடம் மட்டும் வேண்டுமென்றால் அதிலுள்ள 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' தெரிவுதான் சரி.

ஐபோன்

'ஃபைல்ஸ்' ஆப்பைத் திறந்து 'பிரவுஸ்' பாருங்கள். சஃபாரியில் இறக்கியவை 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டரில் இருக்கும். வட்ஸ்அப் பி.டி.எஃப் தானாக இங்கே வராது. அதைத் திறந்து, பகிரும் குறியைத் தட்டி, 'சேவ் டு ஃபைல்ஸ்' கொடுக்க வேண்டும்.

கடையில் அச்செடுக்கும்போது

கடைக் கணினியில் உங்கள் வட்ஸ்அப்பை ஸ்கான் செய்து திறந்திருந்தால், நீங்கள் வெளியே வந்த பிறகும் அது திறந்தபடியே இருக்கலாம். காசு கொடுக்கும்முன் வட்ஸ்அப்பில் 'லிங்க்ட் டிவைசஸ்' திறந்து, அந்தக் கணினியைத் தட்டி, 'லொக் அவுட்' அழுத்துங்கள். அடையாள அட்டைப் பிரதி அவர்களுடைய 'டவுன்லோட்' ஃபோல்டரில் கிடந்தால், அதையும் உங்கள் கண் முன்னாலேயே அழிக்கச் சொல்லுங்கள்.