கல்லாறு முதல் குன்னூர் வரை: மலை ரயில் இன்ஜினை ஓட்டும் முறை

மேட்டுப்பாளையம் – ஊட்டி பாதை 46 கி.மீ. அதில் டிரைவரைச் சோதிக்கும் பகுதி கல்லாற்றில் தொடங்குகிறது. அங்கிருந்து குன்னூர் வரை சில இடங்களில் 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். வெறும் சக்கரப் பிடிப்பால் இதில் ஏற முடியாது. தண்டவாளங்களுக்கு நடுவே, அவற்றைவிட 64 மி.மீ. உயரத்தில் இரண்டு பற்சட்டங்கள் 44 மி.மீ. இடைவெளியில் ஓடுகின்றன. ஒன்றில் பல் வரும் இடத்தில் மற்றதில் பள்ளம். அதனால் இன்ஜினுக்கு அடியிலுள்ள பல்சக்கரம் ஒரு கணமும் பிடியை விடாது.

கையெழுத்திட்டு, மூச்சுச் சோதனை முடித்து, காஷன் ஆர்டரை (பாதையில் எங்கே எச்சரிக்கையாக ஓட்ட வேண்டும் என்று தரும் தாளை) படித்தபின் இன்ஜினுக்கு அடியில் பாருங்கள். பல்சக்கரத்தில் தேய்மானம், விரிசல், சிக்கிய கல் இருக்கிறதா? எண்ணெய் போட வேண்டிய இடங்களில் ஒன்றையும் விடாதீர்கள்.

கல்லாறு தாண்டிப் பற்சட்டம் தொடங்கும் இடத்தில் முதல் துண்டு ஸ்பிரிங் மேல் அமர்ந்திருக்கும். நடக்கும் வேகத்தில் ஊர்ந்து போங்கள். வேகமாகப் போனால் பல்லின் மேல் பல் ஏறி மோதும், இரண்டும் சேதமாகும். பல் சீராகக் கவ்வியது உறுதியான பிறகே நீராவியைக் கூட்டுங்கள். கீழ் சிலிண்டர்கள் தண்டவாளச் சக்கரத்தை ஓட்ட, அவற்றில் வேலை செய்து வெளியேறும் நீராவியே மேல் சிலிண்டர்களுக்குப் போய்ப் பல்சக்கரத்தைச் சுழற்றும். புகைபோக்கிச் சத்தம் மாறுவதைக் காது கவனிக்க வேண்டும். பற்சட்டத்தில் வேகம் மணிக்கு 13 கி.மீ. அளவில்தான்.

இன்ஜின் பின்னாலிருந்து தள்ளுகிறது, ஆகவே முன்னால் இருப்பது டிரைவருக்குத் தெரியாது. முதல் பெட்டியில் நிற்கும் பிரேக்ஸ்மேன்தான் உங்கள் கண். அவர் காட்டும் கொடியைப் பார்த்து அடுத்தடுத்த பெட்டிகளின் பிரேக்ஸ்மேன்களும் கொடி காட்டுவார்கள். கொடி தெரியவில்லையா, நிறுத்துங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்ணும் பாறையும் சரிந்து பற்சட்டத்தில் கிடப்பது சகஜம்.

கொதிகலனின் நீர்மட்டம் காட்டும் தண்ணீர்க் கண்ணாடியை மேலோட்டமாகப் பார்த்து ஏமாறாதீர்கள். கொதிகலன் சாய்வதால் 3 மீட்டர் நீளத்துக்கு நீர்மட்டம் 25 செ.மீ. வரை மாறும். சமதளத்தில் அரைக் கண்ணாடி காட்டியது ஏற்றத்தில் வேறு அளவாகத் தெரியும். ஏற்றம் தணிந்து நிலையத்துக்குள் நுழையும்போது மறுபடி மாறும். அடிக்கடி கண்ணாடியின் வடிகுழாயைத் திறந்து, தண்ணீர் சட்டென்று இறங்கி மறுபடி ஏறுகிறதா என்று பாருங்கள். மெதுவாக ஏறினால் குழாயில் அடைப்பு. நெருப்புப் பெட்டியின் மேல்தகடு தண்ணீருக்கு வெளியே தெரிந்தால் பழுத்துவிடும், அதிலுள்ள பாதுகாப்பு ஈயச் செருகி உருகும், பயணம் அங்கேயே முடியும்.

இறக்கத்தில்தான் அதிக நிதானம் தேவை. குன்னூரிலிருந்து கட்டைப் பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டு இறங்கினால் சக்கர வளையம் சூடேறி விரியும், தளர்ந்துபோகவும் கூடும். எதிரழுத்த பிரேக்குக்கே முக்கிய வேலை கொடுங்கள். ரெகுலேட்டரை (நீராவியைத் திறந்து மூடும் கைப்பிடியை) மூடி, ஓடும் திசையை மாற்றும் ரிவர்சிங் கியரை ஓட்டத்துக்கு எதிராக வைத்தால் சிலிண்டர்கள் காற்றை இழுத்து அழுத்தும், அந்த எதிர்ப்பு வண்டியைத் தாங்கும். காற்று வெளியிலிருந்து வரும்படி வால்வை மாற்றியிருக்க வேண்டும். மறந்தால் புகைப்பெட்டிச் சாம்பல் சிலிண்டருக்குள் போய்ச் சுவரைக் கீறிவிடும். அழுத்தும் காற்று கொதிக்கும், அதனால் சிறிதளவு தண்ணீரும் செலுத்துங்கள்.

வழியிலுள்ள ஹில்குரோவ் நிலையத்தில் நிற்கும்போது வேக்குவம் பிரேக்கை மட்டும் நம்பி இறங்காதீர்கள், அது கசிந்து தளரும். கைப்பிரேக்கைச் சுற்றி இறுக்கி, பிரேக்ஸ்மேன்களும் தங்கள் பெட்டிகளில் இறுக்கிய பிறகே படியில் கால் வையுங்கள்.