பிளாஸ்டிக் ராடு வாங்குமுன்: எது, எப்படி, எவ்வளவு

பிளாஸ்டிக் ராடைக் கடைந்து செய்யும் பாகம் எவ்வளவு பாரம் தாங்கும் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். ஆனால் பிளாஸ்டிக் பாகம் உடைந்து கெடுவதைவிட அளவு மாறிக் கெடுவதே அதிகம். தண்ணீர் படுமா, எவ்வளவு சூடேறும் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

நைலான் 6 தேய்மானத்துக்கும் அதிர்வுக்கும் நன்றாகவே நிற்கும். தண்ணீரில் ஊறினால் தன் எடையில் ஏறத்தாழ 9 சதவீதம் குடித்துவிடும். உறைக்குள் இறுக்கிய புஷ் (ஷாஃப்ட் உள்ளே சுழலும் குழாய்த் துண்டு) உப்பி, உள்விட்டம் சுருங்கி, ஷாஃப்டைக் கவ்விக்கொள்ளும். அசிட்டால் என்ற இன்னொரு பிளாஸ்டிக் 1 சதவீதத்தை ஒட்டி நின்றுவிடும். ஈரத்தில் துல்லியம் வேண்டுமென்றால் அசிட்டால்தான்.

எந்த அசிட்டாலையும் ‘டெல்ரின்’ என்று சொல்லும் பழக்கம் உண்டு. அசிட்டாலில் ஹோமோபாலிமர், கோபாலிமர் என்று இரண்டு வகை. டெல்ரின் என்ற பிராண்டு ஹோமோபாலிமர், உறுதி சற்று அதிகம். ஆனால் தடித்த ராடின் மையத்தில் நுண்துளைகள் இருக்கலாம். மையத்தைக் குடைந்தெடுக்கும் புஷ்ஷுக்கு அது ஒரு பொருட்டல்ல. கசியவே கூடாத வால்வுக்கும், சுடுதண்ணீர் படும் இடத்துக்கும் கோபாலிமர் என்று கேட்டு வாங்குங்கள்.

தொடர்ச்சியான சூடு 100 டிகிரியைத் தாண்டினால் அசிட்டால் ஆகாது. பீக் (PEEK) என்ற பிளாஸ்டிக் 250 வரை போகும், விலையும் அப்படியே. டெஃப்லான் 260 தாங்கும். ஆனால் பாரம் வைத்தால் மெல்ல நசுங்கிக்கொண்டே போகும்.

வெள்ளை நைலானும் வெள்ளை அசிட்டாலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். தராசில் வையுங்கள்: 50 மி.மீ. விட்டம், 100 மி.மீ. நீளத் துண்டு அசிட்டால் என்றால் சுமார் 277 கிராம், நைலான் என்றால் 225. தண்ணீரில் மிதந்தால் இரண்டுமே இல்லை. பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன்.

ராடு சொன்ன அளவைவிடச் சற்றுப் பெருத்தே வரும், லேத்தில் ராடைப் பிடிக்கும் கோலெட்டில் நுழையுமா என்று பாருங்கள். முடிந்த பாகத்தின் அளவைவிட விட்டத்தில் 2–3 மி.மீ. கூடுதலாக வாங்கினால் போதும். தட்டையான பிளாஸ்டிக் பிளேட்டை ஒரே பக்கமாகச் சீவினால் உள் இறுக்கம் விடுபட்டு வளையும். இருபுறமும் சமமாக எடுத்து, 1 மி.மீ. மிச்சம் வைத்து, ஒரு நாள் கழித்து முடியுங்கள். டூல் கூர்மையாக இருக்கட்டும். மழுங்கியது வெட்டாமல் தேய்த்து உருக்கும். பாலிகார்பனேட்டுக்குக் கட்டிங் ஆயில் வேண்டாம், விரிசல் விடும், குளிர்விக்கக் காற்று போதும்.

லேத்திலிருந்து இறக்கிய சூட்டோடு மைக்ரோமீட்டர் வைக்காதீர்கள். 100 மி.மீ. அசிட்டால் 20 டிகிரி ஆறும்போது சுமார் 0.2 மி.மீ. சுருங்கும்; எஃகு 0.02தான்.